பத்து நாள் மாப்பிள்ளை

பலவேசம் என்கிற பெயரைத் தங்கத்தாய் முதன்முதலாகக் கேட்டபோது, வெம்பக்கோட்டையில் அப்பா வீட்டு நடையில் கால் நீட்டி உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். வயது பத்தொன்பது. விரல் பத்திலும் பசை. சித்தி சண்முகத்தாய் தெருவில் நின்றபடியே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏக்கா, நம்ம கருப்பம்மா மகன் பலவேசம் வடக்க இருந்து வந்திருக்கானாம். பத்து நாள்தான் இருப்பானாம். அதுக்குள்ள பேசி முடிச்சாத்தான் உண்டு, பாத்துக்கோ.”

வந்த செய்தியிலேயே போகிற நாளும் சேர்ந்து இருந்தது. அது அப்போது தங்கத்தாய்க்கு உறைக்கவில்லை.

கருப்பம்மாள் வேற்று ஆள் இல்லை. தங்கத்தாயின் அப்பாவைப் பெற்றவரும் கருப்பம்மாளைப் பெற்றவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவர் வெம்பக்கோட்டையில் நிலத்தோடு நின்றுகொண்டார். இளையவர் தாயில்பட்டியில் பெண் எடுத்து அங்கேயே பலசரக்குக் கடை போட்டார். ஆக கருப்பம்மாள் அத்தை முறை, பலவேசம் அத்தான் முறை. முறை இருந்து என்ன செய்ய? நல்லது பொல்லது எதற்கும் அவர் ஊரில் இருந்ததில்லை. முகம் பார்த்தவர்கள் குறைவு.

மூன்றாம் நாள் பூ வைத்தார்கள். ஏழாம் நாள் தாலி ஏறியது. பதினோராம் நாள் காலையில் மாப்பிள்ளை தாயில்பட்டி வீட்டில் இருந்து பையைத் தூக்கிக்கொண்டு சாத்தூருக்கு ரயிலேறப் போய்விட்டார். அன்றைக்கு விடியுமுன்னே கருப்பம்மாள் மருமகளை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி, பெருங்காயத்தைப் பொரித்துப் போட்டு, ஆறின சோற்றில் கிளறி வாழையிலையில் இரண்டு பொட்டலம். ஒன்று அன்று ராத்திரிக்கு, ஒன்று மறுநாள் மத்தியானத்துக்கு. அவர் தெருமுக்கு திரும்பியதும் புதுப்பெண் விளக்குமாற்றை எடுத்தாள். அத்தைக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போன ஆளு ரயிலேறி உக்கார முந்தி வீட்டக் கூட்டலாமாத்தா? வெளிய தள்ளிவிட்ட மாதிரி ஆயிரும்.”

அன்றைக்கு வீடு பொழுது சாய்கிற வரை குப்பையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம், அவர் கிளம்பிப் போன எந்த நாளிலும் தங்கத்தாய் பகலில் வீட்டைக் கூட்டியது கிடையாது. கருப்பம்மாள் செத்துப்போன பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. புளிச்சோறும் அப்படியே. அவர் கிளம்புகிற நாளைத் தவிர்த்து அந்த வீட்டில் புளிச்சோறு கிண்டியதில்லை. மகன் சரவணக்குமார் விவரம் தெரியாத வயதில் அதற்கு “அப்பா போற சோறு” என்று பேர் வைத்திருந்தான். ஊட்ட வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வான்.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வடக்கே போய் ஆர்டர் எடுத்து வருவதுதான் பலவேசத்துக்கு வேலை. பாட்னா, கயா, ராஞ்சி, கட்டாக் என்று அந்தப் பக்கம் அவர் கால் படாத கடைத்தெரு இல்லை. வெடியை ரயிலில் கொண்டுபோக முடியாது. லேபிள் ஒட்டிய ஆல்பம் ஒன்று, விலைப்பட்டியல் ஒன்று, அவ்வளவுதான் சரக்கு. மயில் படத்தையும் புலி படத்தையும் காட்டியே சத்தத்தை விற்ற மனிதர். பங்குனிப் பொங்கலுக்கு வந்தால் பத்து நாள். ஆடியில் பத்து நாள். தீபாவளி கழிந்து பத்து நாள். முப்பத்தேழு வருடத்தையும் ஒட்டவைத்துப் பார்த்தால், அவர்கள் சேர்ந்து இருந்தது மூன்று வருடம் தேறும்.

அந்தப் பத்து நாளும் வீடு திருவிழாதான். கோழி அடிப்பார்கள். மெத்தை உறை மாற்றுவார்கள். அவர் கயாவில் வாங்கிய அரக்கு வளையலைத் தங்கத்தாய் போட்டுக்கொண்டு குழாயடிக்கு நாலு தடவை கூடுதலாகப் போவாள். எதிர்வீட்டு வீரலட்சுமி விடமாட்டாள்.

“என்ன தங்கம், பத்து நாள் மாப்பிள்ளை வந்தாச்சா? காலையிலேயே கோழி கூப்பாடு கேட்டுச்சே.”

“ஒனக்கு என்னடி, முந்நூத்தி அறுவத்தஞ்சு நாள் மாப்பிள்ளை. கோழி ஒண்ணும் சாக வேண்டியதில்ல” என்பாள் தங்கத்தாய். சிரிப்பார்கள். உள்ளே வந்தபின் தங்கத்தாய்க்குச் சிரிப்பு நின்றுவிடும்.

போன தீபாவளி கழிந்ததும் முதலாளி மகன் கூப்பிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, ஆர்டர் எல்லாம் இப்ப வாட்ஸப்லயே வந்துருது. இந்த வயசுல ஒங்கள எதுக்கு அலைய விடணும்? வீட்ல நிம்மதியா இருங்க.” ஒரு சால்வை போர்த்தினார்கள். பலவேசம் சால்வையையும் ஆல்பத்தையும் பையில் வைத்துக்கொண்டு கார்த்திகை மாதம் வீடு வந்து சேர்ந்தார். வயது அறுபத்திரண்டு.

தங்கத்தாய் இந்த நாளுக்காக எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். அவள் பேச்சில் பாதி “அவுக வந்த பெறகு” என்றுதான் முடியும். சரவணக்குமார் மாடி எடுத்துக் கட்டியபோது, கிழக்கே ஜன்னல் வைத்து ஓர் அறை கேட்டு வாங்கியிருந்தாள். அவுக வந்த பிறகு இருக்க. இருக்கன்குடி மாரியம்மனுக்கும் ஒரு நேர்த்தி இருந்தது. மனிதர் ஒரேயடியாக வீடு வந்துவிட்டால், தை கடைசி வெள்ளியில் இருவருமாகப் போய்ப் பொங்கல் வைத்து, ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மெதுவாகத் திரும்புவது. ஆற்றங்கரையில் உட்காருவது அம்மன் கேட்டதில்லை. அவள் தனக்காகச் சேர்த்துக்கொண்டது.

பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. பதினோராம் நாள் பலவேசம் விடியக்காலம் எழுந்தார், முகம் மழித்தார், நடுவீட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வீடும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பேத்தி கனிஷ்காவுக்கு ஏழு வயது. அவள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

“தாத்தா, நீங்க எப்ப ஊருக்குப் போவீக?”

“இதுதாம்மா ஊரு.”

“இல்ல தாத்தா, ஒங்க ஊருக்கு?”

மருமகள் யோகேஸ்வரி பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனாள். பன்னிரண்டாம் நாள் தட்டில் ரசமும் சீனியவரைக்காயும் விழுந்தன. பலவேசம் தட்டைப் பார்த்தார், அடுப்படிக் கதவைப் பார்த்தார்.

“தெனமும் கோழி அடிக்க முடியுமாங்க?” என்றாள் தங்கத்தாய்.

“நான் கேட்டனா?”

கேட்கவில்லைதான்.

முப்பத்தேழு வருட லாட்ஜ் வாழ்க்கையை அவர் உடம்பிலேயே கொண்டு வந்திருந்தார். செருப்பைக் காகிதத்தில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைப்பார். குளிக்கப் போனால் பையும் கூடப் போகும். குளித்த கையோடு பனியனையும் துண்டையும் துவைத்து, இரண்டு பக்கமும் கொக்கி வைத்த நைலான் கயிற்றை டிவி ஆணியில் இருந்து ஜன்னல் கம்பிக்கு இழுத்துக் கட்டிக் காயப்போடுவார். யோகேஸ்வரி நடக்கிற வழியெல்லாம் ஈரப் பனியன் முகத்தில் அடிக்கும். கொல்லையில் நீளமாகக் கொடி கட்டிக் கிடக்கிறது. “வெளிய போட்டா எவனாவது எடுத்துட்டுப் போயிருவான்” என்பார். சோற்றுக்கு உட்கார்ந்தால் ரயில் கிளம்பப் போகிற மாதிரி நாலே நிமிடத்தில் எழுந்துவிடுவார். அரைத் தூக்கத்தில் பால்காரரிடம் “கித்னா?” என்று இந்தியில் விலை கேட்பார்.

தங்கத்தாய் அவருடைய சட்டைகளை மடித்துப் பீரோவில் அடுக்கினாள். சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் திரும்பப் பைக்குள் இருந்தன.

“பீரோல எடமா இல்ல?”

“இருக்கட்டும் தங்கம். எடுக்க வசதியா இருக்கும்.”

தூங்கும்போது பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார். பக்கத்தில் படுத்தவள் கையை நீட்டினால் தட்டுப்படுவது பைதான்.

அவளுக்கு நேர்ந்தது இன்னொரு விதம். மத்தியானம் சாப்பாடு முடிந்து தெருப் பெண்கள் எட்டுப் பத்துப் பேர் அவள் வீட்டு நடுக்கூடத்தில் கூடிக் குழாய் உருட்டுவது இருபது வருடப் பழக்கம். அவரவர் கூலி அவரவருக்கு. பேச்சும் சிரிப்பும் பொது. யார் வீட்டு மருமகள் யாரை என்ன சொன்னாள் என்பது அந்தக் கூடத்தில்தான் முதலில் தெரியும். இப்போது கூடத்து நடுவில் நாற்காலி, நாற்காலியில் பலவேசம். வந்தவர்கள் வாசலிலேயே தயங்கி, “அண்ணாச்சி இருக்காகளா, சரி சரி” என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினார்கள். ஒரு வாரம் கழித்து எல்லோரும் எதிரே வீரலட்சுமி வீட்டில் கூடத் தொடங்கினார்கள். தங்கத்தாய் இங்கே தனியாக உட்கார்ந்து உருட்டுவாள். அங்கே இருந்து சிரிப்புச் சத்தம் தெருவைத் தாண்டி வரும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது.

“நீங்க மாடியில போய்ச் சித்த படுங்களேன்” என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள்.

“படுத்தா என்னமோ ஆஸ்பத்திரில கெடக்குற மாதிரி இருக்கு.”

“அப்ப தெருப்பக்கம் போய் நாலு பேரப் பாத்துட்டு வாங்க.”

“யாரப் பாக்க? எவன் பேரும் தெரியல எனக்கு.”

உண்மைதான். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் வீட்டுச் சாவுக்குப் போகவும் வாழ்வுக்குப் போகவும் தங்கத்தாய்தான் அந்த வீட்டின் ஆளாக இருந்தாள். அவரைப் பார்த்தால் ஊரில் கேட்கிற கேள்வி ஒன்றே: “எப்ப வந்தீக?” அவரும் மூன்று மாதமாக, “நேத்துத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதக் கடைசி வாரம். புதன்கிழமை மத்தியானம் தங்கத்தாய் கறிவேப்பிலை வாங்கத் தெருமுனைக்குப் போனாள். பாண்டிமுருகன் டீக்கடையில் வடக்கத்தி ஆட்கள் நாலைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் இப்போது பீகார் ஆட்கள், ஒடிசா ஆட்கள் நிறைய. அவர்கள் நடுவில் பலவேசம். கயா ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த இனிப்புக் கடையைப் பற்றி என்னவோ சொல்லி, தொடையில் தட்டிச் சிரித்தார். உடம்பு குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தங்கத்தாய் கறிவேப்பிலை வாங்கவில்லை. அந்தச் சிரிப்பை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

அவர் வீட்டுக்கு வந்ததும் அவள் நின்றபடியே கேட்டாள். “அங்கன அம்புட்டுச் சிரிப்பு சிரிக்கிறீக. வீட்டுக்கு வந்தா மட்டும் வாயில கொழுக்கட்டையா?”

“அந்தப் பயலுக ஊர்ப் பேச்சுப் பேசுனாங்க. சிரிச்சேன். அதுக்கு என்ன இப்ப?”

“ஊர்ப் பேச்சா? அப்ப இது யாரு ஊரு?”

பலவேசம் கொக்கிக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்துவிட்டுத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

“இது ஒன் ஊரு தங்கம்.”

“ஆமா, என் ஊருதான்! நான்தான கெடந்தேன் இங்கன. ஒங்க அம்மையத் தூக்கிப் போட்டது நானு. மகனுக்குப் பொண்ணு பாத்தது நானு. வீடு கட்டக் கல்லு மண்ணு சொமந்தது நானு. எல்லாம் அவுக வந்த பெறகு, அவுக வந்த பெறகுன்னு இருந்தேன். வந்தீக. வந்து என்ன? என் வீட்டு வாசல்ல ஒரு பொம்பள ஏற மாட்டேங்கா. பத்து நாள் மாப்பிள்ளையாவே இருந்திருக்கலாம். பத்து நாள்ல போயிருந்தா மருவாதியா இருந்திருக்கும்!”

அந்தப் பட்டப்பெயரை அவள் அதற்கு முன்பு அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஊர் தன்னை அப்படிக் கூப்பிடுகிறது என்பதே பலவேசத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். சுருட்டிய கயிற்றைப் பைக்குள் வைத்தார். மாடிக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை முழுக்க அவர் கீழே இறங்கவில்லை. யோகேஸ்வரிதான் சாப்பாட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். சொன்னது அதிகம் என்று தங்கத்தாய்க்கே பட்டது. வெள்ளிக்கிழமை இருக்கன்குடி போவதைப் பத்து நாள் முன்பே அவரிடம் சொல்லியிருந்தாள். “ம்” என்றிருந்தார். செல்போனைப் பார்த்துக்கொண்டு சொன்ன “ம்”. கோயிலுக்குப் போனால் எல்லாம் சரியாகும், ஆற்றங்கரையில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினால் தீர்ந்துபோகும் என்று அவள் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் குளித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கூடையில் தேங்காய், பழம், பச்சரிசி, வெல்லம், மஞ்சள் எல்லாம் எடுத்து வைத்தாள். பொங்கல் அம்மனுக்கு. வெயிலில் அலைந்துவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடக் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டிக்கொண்டு போகிற சோறு என்றால் அவள் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. புளியைக் கரைத்தாள். நல்லெண்ணெயைக் காய்ச்சினாள். பெருங்காயத்தைப் பொரித்துப் போட்டாள். வாசம் மாடிப்படி ஏறிப் போயிற்று. இலையில் இரண்டு பொட்டலம் கட்டினாள், அவருக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் இல்லை, ஷூ சத்தம்.

பலவேசம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். முகம் மழித்திருந்தார். மூன்று மாதமாக வேட்டியில் இருந்தவர் பேண்ட் போட்டிருந்தார். தோளில் பை. பைக்குள் ஆல்பத்தின் முனை துருத்திக்கொண்டிருந்தது.

“கட்டிட்டியா தங்கம்?”

ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் கேட்கிற அதே கேள்வி, அதே குரல்.

“பாட்னால பழைய பார்ட்டிக ரெண்டு பேரு வாங்க வாங்கன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. கம்பெனி இல்லாட்டி என்ன, நேர்ல போனா ஒரு ஆர்டராவது தருவானுக. நீ சொன்னதும் சரிதான். சும்மா ஒக்காந்தா எல்லாருக்கும் எடஞ்சல்.”

தங்கத்தாய்க்கு அப்போதுதான் தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். “ஏங்க, இது கோயிலுக்கு” என்றால் முடிந்தது. சொல்ல வாயைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் வருத்தம் ஒரு பொட்டு இல்லை. கோபமும் இல்லை. தேய்த்துக் கழுவிய வெண்கலச் செம்பு மாதிரி பளிச்சென்று இருந்தது. டீக்கடை பெஞ்சில் பார்த்த அதே முகம்.

தங்கத்தாய் கோயில் கூடையைக் கையால் நகர்த்திக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். இரண்டு பொட்டலத்தையும் செய்தித்தாளில் சுற்றி, நூலால் கட்டி, மோர்மிளகாயைத் தனியே மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“ராத்திரிக்கு ஒண்ணு. நாளைக்கு மத்தியானத்துக்கு ஒண்ணு” என்றாள்.

“ம். தண்ணி பாட்டில்?”

அதையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தார். அறுபத்திரண்டு வயது நடை இல்லை அது.

யோகேஸ்வரி பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். “என்னத்தே இது? கோயிலுக்குச் செஞ்சதுன்னு சொல்ல வேண்டியதுதான? மாமாவக் கூப்புடவா?”

“மொகத்தப் பாத்தியாடி?”

“ஏன், நல்லாத்தான இருந்தாக?”

“அதைத்தான் சொல்றேன். இந்த முப்பத்தேழு வருசத்துல வரும்போது ஒரு நாளாவது அந்த மொகம் இருந்துச்சா? போகும்போது இருந்திருக்கும் போல. நாந்தான் கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்னேன், பாக்கல.”

சொல்லிவிட்டுத் தங்கத்தாய் வாசலைப் பார்த்தாள். பலவேசம் இன்னும் தெருமுக்கு திரும்பவில்லை. முதுகும் பையும் தெரிந்தன. அவள் கதவு மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவீட்டில் இருந்து வாசல் வரை வரட்டு வரட்டென்று கூட்டினாள். எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த வீரலட்சுமி நிமிர்ந்து பார்த்து, கையில் மாவோடு அப்படியே நின்றுவிட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றார். எங்கே என்று தங்கத்தாய் கேட்டாள். சாத்தூர் என்றார். பாட்னாக்காரர்கள் யாரும் போனை எடுக்கவில்லையாம். பிளாட்பாரத்து பெஞ்சிலேயே ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டாராம். முன்பெல்லாம் ரயில் தாமதமானால் தங்குகிற லாட்ஜில் அறை போட்டிருப்பதாகச் சொன்னார். மறுநாள் சரவணக்குமார் கூப்பிடப் போனான். “ஒரு பத்து நாள் இருக்கேன்லே. பெறகு பாப்போம்” என்று அனுப்பிவிட்டார்.

அது தை. இப்போது ஆனி பிறந்துவிட்டது. மத்தியானத்தில் பெண்கள் மறுபடியும் தங்கத்தாய் வீட்டுக் கூடத்தில் கூடிக் குழாய் உருட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் காராச்சேவுப் பொட்டலத்தோடு வருவார், கோழி அடிப்பார்கள், நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார். மற்ற ஆறு நாளும் பலவேசம் சாத்தூரில், ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், லாட்ஜ் மாடியில் கடைசி அறையில் இருக்கிறார்.